பலகையில் ஏறாத கோல்

என் மனைவிக்கு நான் வைத்த பெயர் 'அவசரம்'. பால் பொங்குவதற்குள் ஒரு புரோகிராம் எழுதி முடித்துவிடுவாள். மகள் பிறந்ததும் வேலையை விட்டவள், குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி தேடினாள். "இவ்வளவு இடைவெளியா?" என்று போன இடமெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் கால்பந்து மைதானத்தின் மேலாளர்தான் மனமிரங்கினார்.

"புது ஸ்கோர் போர்டுக்கு நீங்களே புரோகிராம் எழுதிக் குடுங்கம்மா. இறுதிப் போட்டியில ஒழுங்கா ஓடிட்டா இங்கயே வேலை."

போர்டுக்கு ஒயரிங் செய்தது நான். எலக்ட்ரீஷியன்.

போட்டியன்று மதியம் சோதித்துப் பார்த்தோம். கோல் பொத்தானை அழுத்தினாள். பூஜ்ஜியம். மறுபடி அழுத்தினாள். பூஜ்ஜியம் அசையாமல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"உங்க ஒயரிங்தான் சரியில்ல!" மேலாளர் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. "என் ஒயரிங் சரியில்லன்னா அந்த பூஜ்ஜியம் மட்டும் எப்படி எரியுதாம்? அதுக்குத் தனி கரண்டா?"

மேலாளர் எங்கள் சண்டையில் தலையிடவில்லை. கையால் மாட்டும் பழைய தகர எண்களை எடுத்து வரச் சொன்னார். அவை சுவரோரம் சாய்ந்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"இருங்க," என்றாள் திடீரென்று. "அந்த பூஜ்ஜியத்த நான் போடவே இல்லையே!"

புரோகிராமில் ஓர் அணியை உருவாக்கும்போதே அதன் கோல் கணக்கு பூஜ்ஜியமாகத்தான் பிறக்குமாம். யாரும் தொடாதவரை அப்படியே கிடக்கும். அப்படியானால் அவள் கூட்டிய ஒன்று எங்கே? கூட்டிய இடத்தில் பார்த்தாள், ஒன்று இருந்தது. அணிகளின் வரிசையில் பார்த்தாள், பூஜ்ஜியம்.

"ஐயோ, நகலுங்க!" நாற்காலி பின்னால் சாய எழுந்தாள். "வரிசையிலேர்ந்து அணிய எடுத்து இன்னொரு பேர்ல வச்சேன். இந்த புரோகிராம் மொழியில அப்படி வச்சாலே முழுசா ஒரு நகல் ஆயிடும். இவ்வளவு நேரமும் நகலுக்குக் கோல் போட்டுட்டிருக்கேன், அசல் சும்மா கெடக்கு!"

"பத்திரத்தோட ஜெராக்ஸ்ல பேர மாத்திட்டு வீடு என்னுதுன்ன கதையா?" என்றேன்.

"அதேதான்!"

மாற்றிய நகலை எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க ஒரே ஒரு வரி. அழுத்தினாள். ஒன்று! ஒயரைப் பார்க்க ஏறியிருந்த ஏணியில் நின்றபடியே கைதட்டி, விழப் பார்த்தேன்.

அதோடு விடுவாளா என் அவசரம்? ஒவ்வொரு கோலுக்கும் முன்னால் இரண்டு அணிகளையும் வேறு பெயரில் நகலெடுத்து வைக்கும்படி எழுதினாள். "அசல் எப்படி மாறினாலும் இது மாறாது. நம்மள படுத்தின குணம்தானே, கொஞ்சம் உழைக்கட்டும்."

மாலையில் கூட்டம் அலைமோதியது. ஆட்டம் முடியும் தறுவாயில் சமநிலை. எங்கள் அணி ஒரு கோல் போட்டது, போர்டு ஏறியது, மைதானமே எழுந்து ஆடியது. அப்போது நடுவர் கையை உயர்த்தினார். கோல் செல்லாது!

"கழிக்கிறதுக்குப் பொத்தானே இல்லையேம்மா!" மேலாளர் குதித்தார்.

அவள் அசரவில்லை. எடுத்து வைத்த நகலை அசலின் இடத்தில் வைத்தாள். கூட்டம் கூச்சலை நிறுத்துவதற்குள் போர்டு பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டது.

மேலாளர் போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற ஆளைக் கூப்பிட்டார். "அந்தத் தகரத்த உள்ள கொண்டு போய்ப் போடுப்பா. இனிமே வேணாம். நீங்க நாளைக்குக் காலையில வந்துடுங்கம்மா."

கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறவள் முதலில் என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வர்றேன் சார். ஒயரிங்ல ஒரு குறையும் இல்ல சார்."