வெண்கட்டியும் இரண்டாவது பெட்டியும்

வீடுகளுக்கு வைஃபை பெட்டி பூட்டிக் கொடுக்கும் வேலையில் பாதி ஏணி மேல் நடக்கிறது. மீதிப் பாதி வீட்டுக்காரர் கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே நடக்கிறது. ஹட்டனில் பாசில் நானாவின், அதாவது பாசில் அண்ணனின், கடையில் பதினொரு வருடமாக நான் செய்வது இதைத்தான். போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் ஒற்றைக் காலில் நிற்கும் என் சக துன்பக்காரர்களே, உங்களில் பலர் இப்போது "மெஷ் போட்டால் சரியாகுமா?" என்று கேட்கிறீர்கள். ஒரு பெட்டிக்குப் பதிலாக இரண்டு மூன்று பெட்டிகளை வீட்டில் ஆங்காங்கே வைத்தால், அவை தங்களுக்குள் பேசிக்கொண்டு வீடு முழுவதும் ஒரே வைஃபையைத் தரும். அதுதான் மெஷ். சிலருக்கு அது வரம், பலருக்கு அது அலங்காரம்.

எது யாருக்கு என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. கடையில் இருக்கும் பாசில் நானாவுக்கு வீடியோ கோல் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பேன். நானாவின் முகம் எந்த இடத்தில் உறைந்து நிற்கிறதோ, அந்த இடத்தில் தரையில் வெண்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். குறி விழாத வீட்டுக்கு மெஷ் வேண்டாம். இந்த முறையில் நான் தோற்றதே இல்லை என்று லிந்துலையில் சுகந்தியின் வீட்டுக்குப் போகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சந்தனப் பொட்டு

டிக்கோயாவில் ஒரு டீச்சர் அம்மா. வீட்டில் நான்கு அறைகள், எந்த அறையிலும் வைஃபை ஒழுங்காக வருவதில்லை, மூன்று பெட்டியாவது வேண்டும் என்று போனிலேயே தீர்மானமாகச் சொல்லிவிட்டார். போய்ப் பார்த்தால், இருக்கிற ஒரு பெட்டி சாமித் தட்டில் இருக்கிறது. முன்னால் பித்தளைக் குத்துவிளக்கு, பின்னால் தகரம் அடித்த சாமிப் படங்கள். பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். மகன் உயர்தரப் பரீட்சைக்கு இன்டர்நெட்டில்தான் படிக்கிறான் என்பதால் வெள்ளிக்கிழமை தவறாமல் பூசை. காற்றுத் துளைகள் எல்லாம் சந்தனத்தால் அடைபட்டு, பெட்டி அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.

பழைய பல் தூரிகையால் துளைகளைத் துடைத்தேன். பெட்டியை நடு ஹோலில் கண்ணாடி அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, வீடு முழுக்க இரண்டு முறை நடந்தேன். பாசில் நானா நான்கு அறையிலும் தெளிவாகக் கொட்டாவி விட்டார். ஒரு குறியும் விழவில்லை. மெஷ் வேண்டாம் டீச்சர் என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்தேன். அவர் வாசல்வரை வந்து நிதானமாகச் சொன்னார்: "எறக்கி வச்சிட்டீங்க, சரி. மகனுக்கு மார்க் கொறைஞ்சா நான் சாமிகிட்ட கேக்க மாட்டேன் தம்பி, ஒங்ககிட்டதான் கேப்பேன்."

ஓர் அறைக்கு இரண்டு பெட்டியா?

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயம். முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதற்குப் பின்னால் ஒரே ஓர் அறை, அதற்கும் பின்னால் தகரத்தில் இறக்கிய அடுப்படி. சுகந்தியின் வீடு அவ்வளவுதான். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. வீட்டில் சுகந்தி, நான்கு வயது மகள், மாமனார். கொழும்புக் கம்பெனி ஒன்றுக்காகத் தமிழ் வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலை அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருந்தது. ஒரு மாதம் பார்ப்பார்கள். அழைப்பு நடுவில் அறுந்துகொண்டே இருந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அப்படி நடந்தால் அவளும் பிள்ளையை மாமனாரிடம் விட்டுவிட்டு கொழும்புக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, மெஷ் போட்டுத் தருகிறீர்களா என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிம் போடும் பெட்டியை முன் ஜன்னலில் வைத்திருந்தாள். எதிர் மலையில் இருக்கும் டவர் அந்த ஜன்னலுக்கு மட்டும்தான் நேராகத் தெரியும், ஆகவே அந்த இடம் சரி. மத்தியானம் மூன்று மணிக்கு வெண்கட்டியோடு நடந்தேன். பத்து எட்டு வைப்பதற்குள் வீடு முடிந்துவிட்டது. அடுப்படிப் பக்கமும் வருமா என்று இரண்டு தடவை கேட்டாள். அங்கேயும் போய் நின்று நானாவின் முகத்தைக் காட்டினேன். குறியே விழாத வீட்டுக்கு மெஷ் போடுவது மொட்டைத் தலைக்கு இரண்டு சீப்பு வாங்குவது மாதிரி என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். அவள் அடுப்படிக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பெட்டி விக்கிறவங்களே வேணாங்குறீங்கன்னா, சரிங்கண்ணே."

சோற்றுப் பானை

மெஷ் கட்டாயம் வேண்டிய இடமும் உண்டு. நுவரெலியாவுக்குப் போகும் வழியில் ஒரு பழைய பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு சுவரும் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு, எல்லாம் கருங்கல். நான் போட்ட குறிகளைப் பார்த்தால் கணக்கு வாத்தியார் வந்துபோன இடம் என்று நினைப்பீர்கள். மூன்று பெட்டி வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள், ஒன்றும் வேலை செய்யவில்லை என்று.

போய்ப் பார்த்தால், முதலாளி தன் புத்தியை உபயோகித்திருக்கிறார். எந்த அறையில் கொஞ்சமும் வைஃபை கிடையாதோ, அந்த அறைக்குள்ளேயே இரண்டாவது பெட்டியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். இந்தத் தவறை நீங்களும் செய்வீர்கள், அதனால் கவனியுங்கள். இரண்டாவது பெட்டிக்கே முதல் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். ஒன்றுமே வராத இடத்தில் வைத்தால் அது எதைத் தரும்? நன்றாக வரும் இடத்துக்கும் வராத இடத்துக்கும் நடுவில், நடைக்கூடத்தில் வைக்க வேண்டும். முதலாளிக்கு இதைப் படம் போட்டு விளக்கினேன், விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற சமையல்காரர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "சோத்துப் பானைய பசிக்கிறவன் பக்கத்துல வச்சா நெறையாது முதலாளி, அடுப்புக்குக் கிட்ட வச்சாத்தான் நெறையும்."

பனி மேல் பழி

எங்கள் பக்கத்தில் வைஃபை கெட்டால் எல்லோரும் பழி போடுவது பனியின் மேல். பனி இறங்கினால் சிக்னலை விழுங்கிவிடுமாம். பனி ஒன்றையும் விழுங்குவதில்லை. பனி இறங்கினால் குளிர்கிறது, குளிர்ந்தால் ஜனங்கள் இரும்புக் கதவையும் தகரக் கதவையும் சாத்திக்கொள்கிறார்கள், விழுங்குவது அந்தக் கதவு. இந்த உண்மையை இதுவரை ஒரு நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். சுகந்தியின் வீட்டுக்குப் போய்வந்த சில நாளில், கடையிலும் ஒருவருக்கு இதே பாடத்தை நடத்தி முடித்தேன். பாசில் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "ஊருக்கெல்லாம் கதவச் சாத்தாதீங்கன்னு சொல்றீங்களே தம்பி, நீங்க நடந்து பாக்குற நேரம் எந்த வீட்டுல கதவு சாத்தியிருக்கு?"

சாத்திய கதவு

நானா அதைச் சொன்ன மறுநாளே சுகந்தி போன் செய்தாள். ஒரே வாரத்தில் இரண்டு அழைப்புகள் அறுந்திருக்கின்றன. இன்னும் ஒரு தடவை அறுந்தால் வேலை இல்லை என்று கொழும்பில் சொல்லிவிட்டார்களாம். டவரில் கோளாறாக இருக்கும் என்று சொல்ல வாய் எடுத்தேன், நானாவின் கேள்வி குறுக்கே வந்தது. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, சொல்லாமலே போனேன். அறையில் மாமனார் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டு வருகிறவருக்குப் படுக்க அந்த ஓர் அறைதான். அடுப்படியின் தகரக் கதவு இறுக்கிச் சாத்தியிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து, "சொல்லுங்க சேர், நான் எப்படி உதவலாம்?" என்று சன்னமாக ஒரு குரல்.

அந்த அழைப்பு முடியும்வரை இஸ்தோப்பில் நின்றேன். பிறகு அவள் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டு, உடனே சாத்தினாள். அரிசிப் பெட்டி மேல் லெப்டொப், அதற்கு முன்னால் ஒரு பலகை, அடுப்பில் பாதி எரிந்த விறகு. நான் நானாவைக் கூப்பிட்டேன். தகரக் கதவு, லயத்துக் கருங்கல் சுவர் இரண்டுக்கும் இந்தப் பக்கத்தில் நானாவின் குரல் தட்டுத் தடுமாறி வந்தது, முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. குனிந்து வெண்கட்டியால் குறி போட்டேன். அது அவள் உட்காரும் பலகைக்கு நேர் முன்னால் விழுந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. மொட்டைத் தலைப் பிரசங்கம் வேறு செய்திருக்கிறேன்.

ஜன்னல் பெட்டியை அசைக்க முடியாது, அசைத்தால் டவர் போய்விடும். கதவைத் திறந்து வைக்கச் சொல்ல முடியாது, மாமனார் தூங்க வேண்டும். ஆகவே ஜன்னல் பெட்டியிலிருந்து கூரைக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்து வழியாக ஒரு வயரை இழுத்து, அடுப்படியில் புகை எட்டாத மூலையில் இரண்டாவது பெட்டியைப் பூட்டினேன். வயர் வழியாகவே முதல் பெட்டியிலிருந்து வந்துவிடுவதால், ஒன்றும் வராத இடத்திலும் இது வேலை செய்யும். நான் பூட்டியதிலேயே சின்ன மெஷ் அதுதான். கதவைச் சாத்தி, நானாவின் முகம் அசைகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்தோம். நானா வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே உட்கார்ந்துதான் வேலை என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கோபப்படாமல் சொன்னாள்: "அடுப்புக்கிட்ட ஒக்காந்து கம்பெனி வேலை செய்யிறேன்னு என் வாயால எப்படிண்ணே சொல்லுவேன், வீட்டையெல்லாம் நடந்து பாத்தீங்க, நாங்க எங்க இருப்போம்னு ஒரு வார்த்த கேக்கலையே."

இருமல்

மாதம் முடியும் அன்று, மேலாளர் அம்மா ஒருவர் கொழும்பிலிருந்தே சுகந்தியின் அழைப்புகளை ஒரு மணி நேரம் லைனில் இருந்து கேட்பார் என்று தகவல். வயரைப் பார்க்க வேண்டும் என்று நானாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன். இஸ்தோப்பில் மாமனார் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தார். இரவு வேலை முடித்த கண்கள் சிவந்திருந்தன. உள்ளே போய்ப் படுக்கலாமே என்றேன். அவர் விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டு, கம்பளியை முகத்தில் அமுக்கிக்கொண்டு இருமினார். தேயிலைத் தூசி ஏறிய நெஞ்சு. உடம்பெல்லாம் குலுங்கியது, சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. அதில் அவருக்கு நல்ல பழக்கம் இருப்பது தெரிந்தது.

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து தகரக் கதவு திறந்தது. சுகந்தி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே வந்து, "ஒன்னுகூட அறுந்துபோகல மாமா, நிரந்தரமாக்கிட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, ஏணியைத் தேடுகிற மாதிரி எழுந்துவிட்டேன். மகளைக் கூட்டிவர அவள் பிள்ளைக் காப்பகத்துக்கு ஓடியதும், பெரியவர் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஒரு பாட்டம் இருமித் தீர்த்தார். மூச்சு வாங்கியபடி என் பக்கம் திரும்பினார்: "நான் தூங்கணும்னு மருமக கதவச் சாத்திக்கிட்டு மெதுவாப் பேசுது, அது பேசணும்னு நான் இருமாம முழிச்சிக்கிட்டுக் கெடக்குறேன். இதுக்கு எதும் பொட்டி வச்சிருக்கீங்களா தம்பி?"

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் எத்தனை அறை என்று கேட்பதற்கு முன்னால் பகலில் யார் தூங்குவார்கள், எந்தக் கதவைச் சாத்துவீர்கள் என்றுதான் கேட்கிறேன், அதனால் இதுவரை இரண்டு வீடுகளில் என்னைத் திருடன் என்று நினைத்துத் தேத்தண்ணி தராமலே அனுப்பியிருக்கிறார்கள்.