முழங்காலிடாத ஞாயிறுகள்

“பூட்டு போட்டதுக்கே பொட்டிய தூக்கிக்கினு கெளம்பிட்ட. மலையில எத்தினி நாளு தாங்குவ?”

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி என் மாமியார் கேட்டார். வெள்ளிமலை பஸ் இன்னும் வரவில்லை. “பாக்கலாங்க” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பேன். அவர் எதிரில் அழுவதைவிட மலையே மேல்.

அவர் சொன்னது நிஜமான பூட்டு. தியாகதுருகத்தில், என் கணவர் அரிசி மில்லுக்குக் கிளம்பும்போது என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து திறப்பார். அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நான் நாலு இடம் போய்ப் பழகிவிட்டால் திரும்பி வர மாட்டேன் என்று அவருக்கு ஒரு பயம். “டீச்சரம்மாவுக்கு வெளியில இன்னா வேல?” என்று கேலியாகத்தான் அதைச் சொல்வார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அம்மா வடக்கனந்தலில் கரும்பு வெட்டி என்னை ஆசிரியர் பயிற்சிவரை படிக்க வைத்தார். வெள்ளிமலைப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்த வாரம்தான் அந்தப் பூட்டு வீட்டுக்கு வந்தது.

எங்கள் இரண்டு குடும்பமும் போகும் சர்ச்சில், ஒரு ஞாயிறு அம்மாவிடம் சொன்னேன். “ஒங்கப்பன் என்னப் பூட்டுனதில்ல. பூட்டறதுக்குக் கதவு எங்க இருந்துச்சி?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “வந்துடறியா?” என்றார். முதலில் போதகரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. மனஸ்தாபம் உள்ளவர்கள் அதற்கு முன் கை பிடித்துச் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு கணவனும் மனைவியும் ஜோடியாகப் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவார்கள். நான் சொன்னதைக் கேட்ட போதகர், அடுத்த திருவிருந்து ஞாயிறு என்னையும் என் கணவரையும் முன்னால் அழைத்து, என் கையை எடுத்து அவர் கையில் வைத்தார். “முடிஞ்சிது. இனிமே இதப் பத்திப் பேசக் கூடாது” என்றார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. நானும் நம்பித்தான் சொன்னேன். கை பிடித்துவிட்டால் காரியம் தீர்ந்தது என்பது எங்கள் எல்லோருடைய எண்ணமும்.

திங்கட்கிழமை காலையில் பூட்டு விழுந்தது.

அன்று சாயங்காலம் அவர் கதவைத் திறந்தபோது நான் பையோடு கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

“இன்னா இது?”

“வழி வுடுங்க.”

விட்டார். அந்த இரவு அம்மா வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் வேலையில் சேர மலை ஏறினேன்.

வெள்ளிமலையில் பள்ளி விட்டால் பேச ஆள் இல்லை. பிள்ளைகள் சாமை வயல்களைத் தாண்டித் தங்கள் ஊர்களுக்குப் போய்விடுவார்கள். கடைசி ஜீப்பும் இறங்கியபின் பனிமூட்டம் என் ஜன்னல்வரை வந்து நிற்கும். ஒரு குரலாவது கேட்கட்டும் என்று வாய்விட்டு ஜெபம் செய்வேன். முதலில் அது ஜெபமே அல்ல, புகார். அவரை அதே வீட்டில் வைத்துப் பூட்டும் ஆண்டவரே என்றுகூடக் கேட்டிருக்கிறேன். கேட்கக் கேட்க எனக்கே அலுத்துவிட்டது. ஒரு சாயங்காலம், “அவருக்கு அந்தப் பயம் போகட்டும்” என்று வாயில் வந்தது. நான் யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றவில்லை. மன்னிப்பதும் திரும்பிப் போவதும் ஒன்றல்ல என்று எனக்குச் சொல்லித்தர அங்கே யாரும் இல்லை. ஜெபத்தில்தான் அது மெல்லத் தெளிந்தது.

முதல் ஞாயிறுதோறும் விடியற்காலை பஸ் பிடித்துச் சர்ச்சுக்கு இறங்குவேன். திருவிருந்து நேரத்தில் மட்டும் எழமாட்டேன். போனால் அவர் பக்கத்தில் முழங்காலிட வேண்டும். சபை அதையும் கை பிடித்துச் சொன்ன சமாதானமாக எடுத்துக்கொள்ளும். எல்லோரும் முன்னால் போய்விட, பெண்கள் பாயில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் உட்காரும் அக்காக்கள் மெல்ல மெல்ல வேறு பாய்க்கு மாறினார்கள். “படிச்ச திமிரு” என்று ஒருத்தர் சொன்னது என் காதில் விழுவதற்காகவே சொன்னது. என் கணவரோ ஒவ்வொரு மாதமும் முதல் ஆளாகப் போய் முழங்காலிட்டார்.

ஒரு ஞாயிறு அவர் போகவில்லை. ஆண்கள் பக்கம் எல்லோரும் எழுந்துபோன பிறகு, காலியான பாயில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அத்தனை பெரிய சர்ச்சில் உட்கார்ந்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அருகில் வந்தார். வழக்கம்போல ‘வா, போலாம்’ என்பார் என்று நினைத்தேன்.

“நான் இன்னிக்கி எழுந்துக்கல.”

“பாத்தேங்க.”

“வூட்ட வுட்டு கெளம்பறப்ப கை தன்னால பூட்டத் தேடுது. உள்ள யாருமே இல்ல. ஆனாலும் தேடுது. இத வச்சிக்கினு எப்பிடி முட்டி போடறது?”

“பாஸ்டர்கிட்ட சொன்னீங்களா?”

“ஒன்னாண்ட மொதல்ல சொல்லணும்னு தோணிச்சி. நான் பண்ணது தப்பு, டீச்சர்.” டீச்சர் என்பதில் அன்று கேலி இல்லை. “வான்னு கூப்புட மாட்டேன்” என்றார்.

“நான் வரவும் மாட்டேங்க, இப்போதைக்கு.”

தலையாட்டினார். என் பையைத் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் தரவில்லை. பஸ் ஸ்டாண்டுவரை இரண்டடி பின்னாலேயே நடந்து வந்து, பஸ் கிளம்பும்வரை நின்றார்.

மலைக்கு வந்தபின் அந்த மாதம் முழுவதும் அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கை பூட்டை மறக்குமா, எனக்குத் தெரியாது. அதற்காகக் காத்துக்கொண்டு என் பங்கு அப்பத்தை நான் ஏன் விட வேண்டும் என்று தோன்றியது.

போன ஞாயிறு, ஜோடி ஜோடியாகப் போன வரிசையில் நான் தனியாக எழுந்து போனேன். பின்னால் கிசுகிசுத்தார்கள். அவர் தன் பாயிலேயே இருந்தார். போதகர் ஒரு கணம் தயங்கினார். முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினேன். அப்பத்தை என் கையில் வைத்தார்.