இருந்த இடத்திலிருந்தே இந்தியா போன போன்

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்தப் போன்தான் எழுதுகிறது. இன்று அது செய்த வேலையையும் அதுவே எழுதட்டும்.

லண்டனில் பேத்திக்கு இன்று முதல் நன்மை; கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வீடியோவில் பார்ப்பதற்காக, வீட்டுக்குள் சிக்னல் போதாமல், தலைமன்னார்க் கடற்கரையில் போய் இருந்தேன்.

பிள்ளை பாதருக்கு முன்னால் போய் நிற்கிற நேரம் படம் நின்றுவிட்டது. போனில் போட்டிருந்த காசு முழுவதும் போய்விட்டது.

ரீலோட் கடை நசீரிடம் ஓடினேன். போனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஐயா, எப்ப இந்தியாவுக்குப் போனனீங்கள்?"

"பகிடி விடாதையும் தம்பி. கடற்கரையிலதான் இருந்தனான்."

"நீங்கள் இருந்தனீங்கள்தான். போன் கடலுக்கு அங்கால, இந்தியக் கரை டவரைப் பிடிச்சிட்டுது. ரோமிங் காசு வெட்டியிருக்கு."

ரோமிங்கை நிறுத்தி, புதிதாகக் காசு போட்டுத் தந்தார். உடனே அழைத்தேன். வெள்ளைச் சட்டையோடு பேத்தி வந்தாள்.

"அம்மப்பா, நான் நன்மை எடுக்கேக்க எங்க போனனீங்கள்?"

"நான் ஒரு இடமும் போகேல்லை பிள்ளை. போன்தான் இந்தியாவுக்குப் போயிட்டுது."

"உங்களைக் கூட்டிக்கொண்டு போகாமலோ?"

இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலத்தில், பாஸ்போர்ட் இல்லையென்று இதே கரையில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். போனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்றுதான் விளங்கவில்லை. முன்பெல்லாம் காற்று விழுந்த நாட்களில்தான் அந்தக் கரை ரேடியோ இங்கே தெளிவாகக் கேட்கும். இன்றும் காற்றில்லை. போனும் காற்றுப் பார்த்துத்தான் கடல் கடக்கிறதா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆனால் பேசி அனுப்புங்கள். இந்தப் போன் எழுதியதை என்னால் வாசிக்க முடியாது.