இருபத்தோரு பேருக்கு அனுப்பவும்

என் நண்பன் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல எனக்கு மனம் வராது.

ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். நான் கல்லாவிப் பக்கம். அவன் தெற்கே கடைசியில், கடல் பார்த்த ஊர். கியர் சக்கரம் கடையும் வரிசையில் அடுத்தடுத்த இயந்திரம் எங்களுடையது. நாலு மாதம் இளையவன் என்பதால் என்னை ‘அண்ணே’ என்பான். யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் ஷிப்ட் முடிந்த கையோடு போய்ப் படுத்துக்கொள்வான். காவேரிப்பட்டினத்தில் என் கல்யாணம் நடந்தபோது மூன்று நாள் தங்கிப் பந்தி பரிமாறினான். என் மனைவியை அண்ணி என்னாமல் அவன் ஊர் வழக்கப்படி ‘மைனி’ என்று கூப்பிடுவான். அவளுக்கு அந்த வார்த்தையே புதுசு. ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

செல்போனைக் கையில் எடுத்தால்தான் ஆள் மாறிவிடுவான்.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. தினம் நூறு எஸ்.எம்.எஸ். இலவசம் என்று ஒரு ரீசார்ஜ் இருந்தது. நூறையும் அனுப்பித் தீர்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. “சும்மா கெடைச்சதை வீணாக்கப்பிடாதுல்லா அண்ணே” என்பான். காலையில் சாமி, மத்தியானம் ஒழுக்கம், சாயங்காலம் அரசியல். உண்மையான தமிழன் என்றால் இதை அனுப்பு என்று ஒன்று வரும். அதை அனுப்பியவன் குடியிருந்ததோ தெலுங்கு பேசும் வீட்டில். கீரை வாங்குவது கன்னடத்துக்கார அம்மாவிடம். அவர்கள் இருவரிடமும் குழைந்து குழைந்துதான் பேசுவான். எல்லாச் செய்தியின் வாலிலும் ஒரே வரி இருக்கும்: இருபத்தோரு பேருக்கு அனுப்பவும். அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்று அடுத்த வரி. இதற்கு அவன் வைத்த பெயர் தெய்வச் சங்கிலி.

போனில் அடங்காதது இணையத்தில் வரும். அப்போது நாங்கள் எல்லோரும் ஒரு வலைத்தளத்தில் ஆளுக்கொரு பக்கம் வைத்திருந்தோம். ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் ஏதாவது எழுதிவிட்டுப் போகலாம். அதற்கு ஸ்கிராப் என்று பெயர். யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். வீட்டில் ஏது கம்ப்யூட்டர்? பாகலூர் சாலையில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதை நடத்திய அம்மாளுக்கு வீட்டு மொழி தெலுங்கு, கடை மொழி தமிழ், கோப மொழி கன்னடம். மனிதர்கள் போகிற போக்கில் சொல்லும் வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்ப்பவன் நான். அந்த அம்மாளிடம் பொறுக்கியது அதிகம். என் நண்பன் உட்கார்ந்து எழுந்துபோனதும் ஒரு நாள் துணியை எடுத்துக்கொண்டு வந்து, “அய்யோ தேவுடா, அந்த சார் எந்திரிச்சா கீபோர்டைத் தொடைக்கணும் சார். வெரலுலேர்ந்து விபூதி கொட்டுது” என்றார்.

சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு வந்ததை நான் அழித்துவிடுவேன், அது அவனுக்கும் தெரியும். விஷயம் அதோடு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன்.

என் மனைவிக்கு நாலாம் மாதம். ஒரு திங்கட்கிழமை வலி வந்தது. கிருஷ்ணகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குழந்தை தங்கவில்லை. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இது யார் செஞ்ச தப்பும் இல்லம்மா. சில நேரம் இப்படி ஆகும். நீ எதுவும் பண்ணல” என்று மூன்று தடவை சொன்னார். அவள் மூன்று தடவையும் தலையாட்டினாள்.

நண்பன் மாதுளம்பழமும் ஹார்லிக்ஸுமாக வந்தான். வாசலிலேயே அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை. மறுநாள் என் பக்கத்தில் ஒரு ஸ்கிராப் இருந்தது. “தெய்வச் சங்கிலியை அறுத்தவர் வீட்டில் நடந்ததை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன். இனியாவது அலட்சியம் வேண்டாம். இருபத்தோரு பேருக்கு அனுப்பவும்.” அதற்குக் கீழே எங்கள் ஷிப்ட் ஆட்கள் நாலு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

பிரவுசிங் சென்டரில் எட்டாம் நம்பர் சீட்டில் உட்கார்ந்து அதைப் படித்தேன். எழுந்து வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லிக் கொந்தளித்தேன். எனக்குப் பதில் கொந்தளிப்பாள் என்று பார்த்தால், அடுப்பை அணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“அழிச்சது நான்தாங்க.”

அவள் போன் பழைய போன். கொஞ்சம் செய்தி சேர்ந்ததும் பெட்டி நிறைந்துவிடும். பழையதை அழித்தால்தான் புதியது உள்ளே வரும். அம்மா வீட்டிலிருந்து செய்தி வரவேண்டும் என்று அவன் அனுப்பியதை அழித்திருக்கிறாள். வீட்டில் ஓர் இழப்பு வரும் என்று முடிந்த செய்தி அது. அழித்தது வெள்ளிக்கிழமை. வலி வந்தது திங்கட்கிழமை.

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“அவங்களுக்கு மெசேஜ் விஷயம் தெரியாதுல்ல” என்றாள்.

அன்றிலிருந்து அவள் எதையும் அழிக்கவில்லை. அவன் அனுப்புகிற ஒவ்வொன்றையும் இருபத்தோரு பேருக்கு அனுப்ப ஆரம்பித்தாள். அவளுக்கு இருபத்தோரு பேரைத் தெரியாது. கல்யாண மொய் நோட்டைப் பிரித்து நம்பர் தேடினாள். பால்காரருக்கு அனுப்பினாள். கேஸ் புக் பண்ணும் நம்பருக்குக்கூட அனுப்பினாள். குழம்பு கொதிக்கும், அவள் பக்கத்தில் நின்று கட்டைவிரலால் எண்ணிக்கொண்டிருப்பாள். இன்னொரு குழந்தை என்று பேச்செடுத்தால், “இருங்க, இன்னும் ஆறு பேர் பாக்கி” என்பாள். என் வீட்டுக்குள் புகுந்து என் மனைவியை அவன் வேலைக்கு வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

டீ பிரேக்கில் அவனைப் பிடித்தேன்.

“அந்த ஸ்கிராப்பை எடுடா.”

“நல்லதுக்குத்தான அண்ணே போட்டேன். ஒங்க பேரு போடலல்லா?”

“என் பக்கத்துலேயே வந்து எழுதிட்டு, பேரு வேற போடணுமா?”

டம்ளரைக் கீழே வைத்தான். முகம் உண்மையாகவே வெளுத்துவிட்டது. “எடுத்தா எனக்கு ஏதாச்சும் ஆயிட்டுன்னா யாரு பாப்பா? நீங்க வேற எதுனாலும் கேளுங்க அண்ணே. கிட்னி வேணுமா, தாரேன்.”

நானே அழித்திருக்கலாம். என் பக்கம்தானே, ஒரு சொடுக்கு போதும். அழிக்கவில்லை. அவன் கையால் அழியவேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. அவன் சொன்னதிலிருந்து இன்னொன்றும் புரிந்தது. அவன் எங்களைப் பயமுறுத்தவில்லை. அவனே பயந்துபோய்க் கிடக்கிறான். பயப்படுகிறவனை இன்னொருவனும் பயமுறுத்தலாம். இயந்திரத்துக்கு முன்னால் நின்றபடி இதை யோசித்தேன். அந்த ஷிப்ட் முழுக்க என் கை பிசகவே இல்லை.

பிரவுசிங் சென்டர் அம்மாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாசல் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். புதிதாக ஒரு பக்கம் திறந்தோம். படத்துக்கு மலை உச்சியில் எரிகிற ஒரு தீபம். சாமி படம் போட்டு யார் நட்புக் கேட்டாலும் அவன் ஏற்றுக்கொள்வான். பிறகு நான் எழுத ஆரம்பித்தேன்.

“மலையடிவாரத்தில் தவம் இருக்கும் பெரியவருக்குக் கனவில் வந்த வாக்கு இது. இதைப் பெற்றவர் உடனே இருபத்தோரு பேருக்கு அனுப்பவும். அனுப்பிய கணம் முதல் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், கையால் ஓர் எழுத்தும் யாருக்கும் அனுப்பாமல் மௌனம் காக்கவும். ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் ஆறு, மூன்று காலமும் மௌனம் உண்டு. வார ஓய்வு நாளுக்கும் விலக்கு இல்லை.”

மீறினால் என்ன என்று எழுதும்போது கை நின்றது. எவன் வீட்டுக்கும் கெடுதல் வரும் என்று என்னால் எழுத முடியவில்லை. அந்த அம்மாள்தான் சொன்னார்.

“நஷ்டம் வரும்னு போடாதீங்க சார். இதுவரைக்கும் சேத்து வச்ச புண்ணியம் அத்தனையும் ரிட்டர்ன் போயிரும்னு போடுங்க. அந்த மாதிரி ஆளுக்கு அதான் வலி.”

போட்டேன். அதை அவன் பக்கத்தில் ஸ்கிராப்பாக ஏற்றினேன். அரை மணி நேர வேலை.

மறுநாள் அவன் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் பென்சிலால் அந்த வாக்கை எழுதி வைத்திருந்தான். டீ பிரேக்கில் அதைப் பார்த்துப் பார்த்துப் போனில் அடித்துக்கொண்டிருந்தான். கடைசி ஆளுக்கு அனுப்பி முடித்ததும் போனை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் போட்டான். எனக்கு உள்ளே பட்டாசு வெடித்தது.

வீட்டுக்கு வந்தால், அவள் போனைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் அனுப்பிய இருபத்தோரு பேரில் மைனியும் ஒருத்தி. இவ்வளவு யோசித்தவன் அதை யோசிக்கவில்லை. எதிலிருந்து அவளை மீட்க நினைத்தேனோ, அதையே என் கையால் எழுதி அவளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

“இதைப் படிங்க” என்று நீட்டினாள். படிப்பதுபோல் நடித்தேன்.

“இந்தச் சாமி எந்தக் கம்பெனியில வேலை செய்யுதுங்க?”

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவள் விரலை வைத்துக் காட்டினாள். “காலை, மதியம், ராத்திரின்னு சொல்ற சாமியைக் கேட்டிருக்கேன். ஆறு டூ ரெண்டு, ரெண்டு டூ பத்துன்னு பேசுற சாமியை இப்பத்தான் பாக்குறேன். வீக்லி ஆஃபுக்கு விலக்கு இல்லையாம். இதுக்கு ஓ.டி. உண்டா?”

வசமாக மாட்டிக்கொண்டேன். பத்து வருடம் ஷிப்டில் உழன்றவனுக்கு ஒரு நாள் என்றால் அப்படித்தான் மூன்றாகப் பிரியும். அதே ஷிப்டில் உழல்கிற என் நண்பனுக்கோ, அவன் அனுப்பிய எங்கள் ஆட்களுக்கோ அது உறுத்தவே இல்லை. அலாரம் வைத்து எனக்குச் சோறு கட்டிக் கொடுக்கிற இவளுக்குத்தான் உறுத்தியது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“எவ்ளோ நேரம் ஆச்சு இதை எழுத?”

“அரை மணி நேரம். கடைசி வரி அந்தத் தெலுங்கு அம்மா சொன்னது.”

செய்தியை இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தாள். பிறகு, “அப்போ நான் அழிச்சதையும் எவனோ ஒருத்தன் இப்படித்தான் குந்திக்கினு எழுதியிருப்பான். பக்கத்துல ஒருத்தன் வரி எடுத்துக் குடுத்திருப்பான்” என்றாள். குரல் மாறிவிட்டது. “அதுக்குப் போயி நான் கேஸ்காரனுக்கெல்லாம் அனுப்பினேனே.” அப்புறம்தான் அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதது, வீட்டில் அழாதது எல்லாம் சேர்த்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியில் ஒன்று சொன்னாள்.

“நாப்பத்தெட்டு நாள் பத்தாதுங்க.”

அந்த நாற்பத்தெட்டு நாளை நான் அணுஅணுவாக அனுபவித்தேன். மனிதன் தவித்துப்போனான். “தெனமும் நூறு எஸ்.எம்.எஸ். சாவுது அண்ணே” என்று என்னிடமே புலம்பினான். எங்கள் சூப்பர்வைசருக்கு ஒரு வழக்கம். ஷிப்ட் மாற்றினால் செய்தி அனுப்புவார். ‘ஓகே’ என்று பதில் வராவிட்டால் ஆப்சென்ட் போட்டுவிடுவார். அவர் போனை எடுத்துப் பேசுகிற ஆளும் இல்லை. இவன் தேன்கனிக்கோட்டை சாலை வீட்டிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு அவர் வீடு வரை போய், கதவைத் தட்டி, “ஓகே சார்” என்று சொல்லிவிட்டு வந்தான். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. “ஒங்க ஆளுக்கு மறை கழண்டுபோச்சாய்யா?” என்று சூப்பர்வைசர் என்னைக் கேட்டார். “தெரியல சார்” என்றேன். அன்று ஒரு பிடி சோறு கூடவே சாப்பிட்டேன்.

மண்டலம் முடிகிற அன்று அவளே பிரவுசிங் சென்டருக்கு வந்தாள். எட்டாம் நம்பரில் நான் உட்கார, அவளும் அந்த அம்மாளும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள். அதே தீபப் பக்கத்திலிருந்து, அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மௌனம் முடித்தவர், பிறர் வீட்டுத் துக்கத்தைப் பற்றி எழுதியதைத் தன் கையால் அழிக்கவேண்டும். அந்த வீட்டுக்கு நேரில் போய், எழுதியது தப்பு என்று வாயால் சொல்லவேண்டும். அதுவரை மண்டலம் முடிந்ததாகக் கணக்கில்லை.

“இருபத்தோரு பேருக்குன்னு போடவா?” என்றேன்.

“வேணாம். இது அவருக்கு மட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை வந்தான். கையில் மாதுளம்பழம். ஸ்கிராப்பைக் காலையிலேயே அழித்திருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தரையைப் பார்த்து ஏதோ முனகினான்.

“என்னா தம்பி, காதுல வுழல” என்றாள் அவள்.

“நான் அன்னைக்கு எழுதுனது தப்பு மைனி.”

“மிக்சி ஓடுச்சு. இன்னொருக்கா சொல்லுங்க.”

மிக்சி ஓடவில்லை. அது எங்கள் மூவருக்கும் தெரியும். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து மூன்றாம் தடவையும் சொன்னான். “நான் எழுதுனது தப்பு மைனி. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல.” டாக்டரம்மா மூன்று தடவை சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. இப்போது அவள் தலையாட்டவில்லை. “பழத்தை அங்க வைங்க” என்று மட்டும் சொன்னாள்.

அவனிடம் இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அந்த மலையடிவாரப் பெரியவரை ஒரு தடவையாவது பார்த்துவிடவேண்டும் என்று அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். பார்த்தால் எனக்கும் சொல்லு என்பேன்.

அன்று அவன் தெருமுனை திரும்பியதும் அவள் போனை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். பெட்டி நிறைய அவன் அனுப்பியதுதான். எல்லாவற்றையும் மொத்தமாக அழிக்க ஒரு வழி இருக்கிறது, காட்டட்டுமா என்றேன்.

“தெரியும்” என்றாள்.

ஒவ்வொன்றாகத்தான் அழித்தாள்.