சூட்டுக் கம்பியின் மறுமுனை

தேநீர்க்கடைக் கேத்தலுக்குள் முறுக்கிய இரண்டு கம்பிகளின் நுனியை விட்டு, கையிலுள்ள மீட்டரின் முள்ளை முறைத்துப் பார்ப்பார் பலீல் நானா. பதுளைக் கடைத்தெருவில் தண்ணீர் இருநூற்றெட்டு டிகிரி பாரன்ஹீட்டில் கொதிக்கும். முள் அங்கே வந்து நின்றால் கம்பி நல்லது. வராவிட்டால், அதைக் கடைசியாகத் தொட்டவனுக்கு அர்ச்சனைதான். "எந்தக் கழுத செஞ்ச வேல இது?" என்பார். ரேடியோவோ மோட்டாரோ, மூடியைக் கழற்றியதும் அதே கேள்விதான். தன் கைவேலையிலும் குறை இருக்கலாம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

தேயிலை காய வைக்கும் அடுப்புகளுக்கு அவர் போடுவது இந்தச் சூட்டுக் கம்பிகளைத்தான். இரண்டும் வெவ்வேறு உலோகம். ஒரு நுனி சூட்டிலும் மறுநுனி குளிரிலும் இருந்தால் துளி மின்சாரம் பிறக்கும். "அது சூட்ட அளக்கல்ல வாப்பா. சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசத்த அளக்குது. மத்த நுனிய மறந்தா எல்லாம் மண்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

எழுபத்து நாலு மார்கழியில் தெமோதரைப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் தேயிலை கருகிப்போனது. நானாவை வரச் சொன்னார்கள். வாசலில், தூறலில் நின்றுகொண்டிருந்தார் அடுப்புக்கு விறகு போடும் வீரய்யா.

"முள்ளு எறங்குனா வெறகு போடுன்னாங்க, போட்டேன். குடிச்சிட்டுத் தூங்கிட்டேன்னு, காலையில பேரு கூப்புடுற பெரட்டுல அத்தன பேருக்கும் முன்னாடி சொல்லி வேலய விட்டு நிறுத்திட்டாங்க நானா."

நானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பி கோளாறா, மனிதன் கோளாறா என்று பார்க்குமுன்பே ஒருவன் வயிற்றில் அடிப்பதா? குறடை எடுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தவர், கம்பியும் மீட்டர் வயரும் சேரும் பெட்டியைத் திறந்தார்.

"எந்தக் கழுத..."

பெட்டி கொதித்தது. மலையில் மழை தொடங்கினால் உப்பு முதல் உடுப்பு வரை எல்லாவற்றையும் அடுப்போரம் கொண்டுபோய் வைப்பதுதான் வழக்கம். இணைப்பு ஈரத்தில் துருப்பிடிக்குமே என்று, போன மாதம் அந்தப் பெட்டியை அடுப்புச் சுவரில் ஒட்டி வைத்ததும் அவரேதான். குளிரில் இருக்கவேண்டிய நுனி சூடேறியது. வித்தியாசம் குறைந்தது, முள்ளும் இறங்கியது.

நானா அதை ஒளிக்காமல் சொன்னதைக் கேட்டு, தொழிற்சாலைப் பொறுப்பாளர் இரகுநாதன் குரலைத் தாழ்த்தினார். "மீட்டர் பழுது எண்டு மாத்திப்போட்டுப் போம். உம்மடை பேர் ஏன் கெடவேணும்? அவனை நிப்பாட்டினது நிப்பாட்டினதுதான். தோட்டத்துத் துரைக்கு இனி நான் என்னெண்டு சொல்லுறது?"

"பிழை செஞ்சது நான். குடிகாரப் பட்டம் அந்த மனுசனுக்கா? துரைக்கிட்ட நானே சொல்றேன். வெக்கமா இல்லையா ஐயா நம்ம ரெண்டு பேருக்கும்?" நானாவின் குரல் இயந்திரச் சத்தத்தையும் மீறியது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பதிலுக்கு நிற்காமல் வாசலுக்குப் போய், வீரய்யாவின் ஈரக் கையைப் பிடித்து, எல்லாரும் பார்க்க அடுப்படிக்கு அழைத்து வந்தார். குனிந்து ஒரு விறகுக் கட்டையை எடுத்து, இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினார்.