நாலு மூலையிலும் ஒரு சொட்டு

"இழுக்காதீங்கன்னு சொன்னேன்ல!"

கணவர் கையை எடுத்தார். கணினிப் பெட்டி தரையில் ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே, அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஹீட்சிங்க் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அடியிலிருக்கும் ப்ராசஸரின் சூட்டை வாங்கி வெளியே விடுவதுதான் அதன் வேலை. அதைச் செய்யவில்லை. பெரிய டிசைனைத் திறந்தால் போதும், சூடேறி எல்லாம் அணைந்துபோகிறது. கழற்றித் துடைத்து மாட்டினால் சரியாகும் என்றுதான் பெட்டியைத் திறந்தார்கள்.

அவள் எம்பிராய்டரி மெஷின்களுக்கு டிசைன் போடுபவள். பட்டறையில் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து வேலை பார்த்த காலத்தில் இரைச்சல் காதுக்குள் குடியேறிவிட்டது. மெஷின் நின்றாலும் அது நிற்பதில்லை. கெஞ்சிக் கூத்தாடித்தான் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இன்று காலை சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டார்: "சாயங்காலத்துக்குள்ள டிசைன் வரணும்மா. இல்லேன்னா நாளையிலேர்ந்து இங்கயே வந்து உக்காந்துடு."

"கிளிப்பைத்தான் கழட்டியாச்சே, அப்புறம் எது பிடிச்சிருக்கு?"

கணவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார்.

"ஏங்க, போன மாசம் தூசி தட்டினப்ப என்ன பண்ணீங்க?"

"கிளிப் லூசா இருந்துச்சு. ஆடுச்சு."

"அதுக்கு?"

"நாலு மூலையிலும் ஒரு சொட்டு விட்டேன்."

கடைகளின் பெயர்ப்பலகையில் எழுத்து ஒட்டுவது அவர் தொழில். புயலில் ஒரு பலகையே பறந்துபோய்த் தெருமுனையில் விழுந்தது. எழுத்து ஒன்றுகூட உதிரவில்லை. அதைச் சொல்லாமல் அவர் யாரிடமும் பேச்சை முடித்ததில்லை.

"அந்தப் பசையா!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒட்டிய எழுத்தை எடுக்க அவரிடம் ஒரு முறை உண்டு. சூடு காட்டி, நைலான் நூலை அடியில் விட்டு அறுக்க வேண்டும். மாடியிலிருந்த நாத்தனார் தலை உலர்த்தும் டிரையரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்த்தாள்.

"எங்கண்ணன் ஒட்டினா ஒட்டினதுதான். உங்களையே பாருங்க அண்ணி, எத்தனை தடவை கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினீங்க? போக முடிஞ்சுதா?"

"நீ வேற வெந்த புண்ணுல வேல் பாய்ச்சாத."

முதல் மூலை விட்டது. இரண்டாவதில் நூல் அறுந்தது. புது நூல். மூன்றாவதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. போன் அடித்தது. சூப்பர்வைசர். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் சூடு காட்டுங்க. வந்தா லேசாத் திருப்பி எடுங்க."

"எனக்குத் தெரியும்."

இழுத்தார். சடக் என்று வந்தது.

"பாத்தியா!" என்று ஹீட்சிங்க்கைத் தூக்கிக் காட்டினார். நாத்தனார்கூடக் கை தட்டினாள். அவள் மட்டும் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. அதன் ஊசிக்கால்கள் மிதிபட்ட புல் போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

தையல் ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். கடைசி வரிசையில் ஒரு கால் ஒடிந்து ஊசி முனையோடு வந்தது. இனி அந்தக் கணினி ஓடாது.

மறுநாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். மெஷின்களை ஒட்டிய மேசைதான் காலியாக இருந்தது. மதியத்துக்குள் டிசைனை முடித்தாள். அடுத்ததைக் கொடுத்தார்கள். கணவர் ஒரு மருந்துக்கடைக்கு எழுத்து ஒட்டப் போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் ஏதோ கேட்டார். அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் கேட்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கை கழுவப் போனாள்.