தோங்கில் இரண்டு நாள் வைத்த தண்ணீர்

எங்கள் எஸ்டேட் லயத்தில் யார் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மீன் சுணங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சுங்கை காடுட் பெக்டரியில் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே யாராவது மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறதா, துடுப்பு நைந்திருக்கிறதா, வயிறு ஊதிச் செதில் நிமிர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அண்மையில் என் வீட்டுக்குள் இரண்டு நோய் வந்தது. ஒன்றைத்தான் நான் கவனித்தேன். இதை எழுதும்போது என் வீட்டுக்காரர் சிரம்பானில் ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கிறார்.

என் தொட்டியில் ஐந்து தங்கமீன்கள் இருந்தன. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். இரண்டு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும். என்னிடமிருந்த வாளிகள் அதற்குப் போதவில்லை. என் வீட்டுக்காரர் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு அடியில் புல்லு மருந்து அடிக்கிற வேலை செய்பவர். களையைக் கருக்குகிற மருந்து அது.

“ஸ்டோர்ல நீலத் தோங்கு சும்மாத்தானே கிடக்கு, ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வாங்களேன்” என்று நான்தான் அவரை நச்சரித்தேன். லயத்தில் பாதி வீடுகளில் பழைய மருந்துத் தோங்கில்தான், அந்தப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில்தான், தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள்.

அவர் தயங்கினார். “இது புது மருந்து வந்த தோங்குலா. ஓட்டை போட்டு வீசச் சொல்லி வேலை வாங்குற மண்டோர் சொல்லியிருக்காரு.”

“கழுவிக்கலாம் விடுங்க” என்றேன்.

சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். ஒரு வாரம் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தபோது ஒரு வாசமும் இல்லை.

தோங்குத் தண்ணீரை ஊற்றத் தொடங்கிய மூன்றாவது வாரம், நான் வால்காரி என்று கூப்பிடும் நீண்ட வால் மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. தீனியைத் தொடவில்லை. சமையலறைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதி வைத்தேன். டார்ச்சைக் கண்ணாடியில் வைத்துச் செவுளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் வந்து நின்றார்.

“டாக்டரம்மா, அப்படியே இதையும் கொஞ்சம் பாருங்களேன்” என்று வலது கையை வெளிச்சத்துக்குள் நீட்டினார்.

“தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டார். வால்காரியின் செவுள் வெளுத்திருந்தது. புள்ளி இல்லை, புண் இல்லை. செவுளில் பூச்சி என்று தீர்மானித்தேன். கல் உப்பு போட்டேன், மீன் கடையில் விற்கும் நீல மருந்து விட்டேன். சீக்கு மீன் இருக்கும் தொட்டிக்குச் சுத்தமான தண்ணீரைவிட நல்ல வைத்தியம் கிடையாது என்பது என் கட்சி. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள், பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுத் தோங்குத் தண்ணீரை ஊற்றினேன். ஊற்ற ஊற்ற மோசமானது. வால்காரி போனது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு போயின. நானோ மருந்தின் அளவைக் கூட்டினேன்.

அந்த வாரம்தான் எங்கோ பெரிய குழாய் உடைந்து நான்கு நாள் தண்ணீர் வரவில்லை. நல்லவேளை தோங்கு நிறையத் தண்ணீர் இருக்கிறது என்று என்னையே நான் மெச்சிக்கொண்டேன். கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். நான் காலையிலும் மதியமும் பெக்டரி கெண்டீனில் சாப்பிட்டு, அங்கேயே போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொள்கிறவள். அவர் வீட்டில் சமைத்ததைத்தான் சாப்பிட்டார், பிளாஸ்கில் அந்தத் தண்ணீரைத்தான் வேலைக்கும் கொண்டுபோனார். குழாயில் தண்ணீர் வந்த பிறகும் பிளாஸ்க் தோங்கிலிருந்தே நிறைந்தது. இரண்டு நாள் வைத்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நான்தான் வாய் ஓயாமல் சொல்லியிருந்தேன். தொண்டை எரிகிறது என்று ஒருநாள் சோற்றைத் தள்ளி வைத்தார். காரம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது மீனும் செத்த அன்று கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. மிஞ்சிய ஒன்றை எதில் மாற்றுவது என்று தெரியவில்லை. தோங்கின் அடியில் பிளாஸ்க்கை நிறைக்கிற அளவுதான் தண்ணீர் இருந்தது. கூரையிலிருந்து ஒழுகிய மழைத்தண்ணீர் ஒரு பேசினில் நிறைந்திருந்தது. போகிற உயிர் எங்கே போனால் என்ன என்று அதில் விட்டேன். மறுநாள் அது பேசினுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு நாளில் தீனி எடுத்தது. உப்பும் இல்லை, மருந்தும் இல்லை.

பேசின் பக்கத்தில் குந்தியபடி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூச்சி என்றால் இப்படித் தானாகத் தேறாது. மாறியது தண்ணீர் மட்டும்தான். தலையைத் திருப்பித் தோங்கைப் பார்த்தேன். எட்டி உள்ளே தடவினேன். அடிப்பக்க மடிப்பில், என் தேய்ப்பு எட்டாத இடத்தில், பச்சையாக ஏதோ பிசுக்கு விரலில் ஒட்டியது. அதற்குப் புல்லு மருந்தின் வாசம் இருந்தது.

உள்ளே ஓடினேன். அவர் அன்று வேலைக்குப் போகவில்லை. பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“குடிக்காதீங்க” என்று பிடுங்கினேன்.

“முழுங்கவே முடியல புள்ள” என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். உள்ளே எல்லாம் வெந்து புண்ணாக இருந்தது.

பக்கத்து வீட்டுக் காரில் சிரம்பானுக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை. டாக்டர் அவருடைய வலது கையை எடுத்து விளக்கின் கீழே வைத்தார். நகங்களில் குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடியிருந்தது. இரண்டு நகம் வேரோடு கழன்று ஆடியது. புல்லு மருந்து தொடர்ந்து கையில் பட்டால் இப்படி ஆகும், எப்போதிருந்து இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

வால்காரி தீனியைத் தொடாமல் விட்டது எந்த நாள் என்று எனக்குத் தெரியும். எந்த மீனின் செவுள் எந்தக் கிழமை வெளுத்தது என்று காலண்டரைப் பார்க்காமலே சொல்வேன்.

“தெரியலைங்க” என்றேன்.

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு விளக்கின் கீழேயிருந்து கையை மெல்ல இழுத்துக்கொண்டார், அன்று டார்ச் வெளிச்சத்திலிருந்து இழுத்துக்கொண்டதைப் போலவே.